அந்த அரை நிமிடத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம்?



தை பிறந்துவிட்டது. மார்கழி முழுக்க அடங்கிக் கிடந்த கல்யாண மண்டபங்களில் மறுபடியும் வாழைமரம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். உங்களில் பலர் வீட்டில் பத்திரிகை வைக்கும் வேலையும் முகூர்த்தப் புடவை எடுக்கும் வேலையும் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். வைகாசிக்கோ ஆவணிக்கோ நாள் குறித்துவிட்டு மண்டபம் தேடுகிறவர்களும் இருப்பீர்கள். எல்லா வீட்டு மணமக்களுக்கும் முதலில் எங்கள் வாழ்த்துகள்.

இந்த மாதம் உங்களோடு பேச விரும்புவது, கல்யாணத்துக்குப் போட்டோ எடுப்பவரைத் தேர்ந்தெடுப்பது பற்றி. சமையல், மேளம், நகை, புடவை என்று ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேரிடம் விசாரிக்கிற நாம், போட்டோ என்று வரும்போது மட்டும் "மச்சானுக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான்" என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறோம். இல்லாவிட்டால் இன்ஸ்டாகிராமில் நாலு படம் பார்த்து மயங்கி, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். பந்தி அன்றோடு முடிகிறது. மாலை மறுநாள் வாடிவிடுகிறது. பட்டுப்புடவை பீரோவுக்குள் போய்விடுகிறது. பேரன் பேத்தி காலம் வரை கூடவே வருவது படங்கள்தான். அதற்குரிய யோசனையை நாம் செலவிடுவதில்லை என்பதே என் ஆதங்கம்.

வீட்டில் இருக்கும் பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது விரல் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தாம்பூலத் தட்டோடு வாசலில் நிற்கும் அத்தை, பந்தியில் இலை முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் தாத்தா, அடுக்களையில் காய் நறுக்குகிறவர்களோடு பேசிக்கொண்டிருக்கும் பெரியம்மா. இப்போது இல்லாதவர்கள், அல்லது அன்றைக்கு இருந்ததுபோல இப்போது இல்லாதவர்கள். அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் ஃபிலிம் ரோலுக்கு 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்த காலத்தில் எடுக்கப்பட்டவை. இன்று ஒரு கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். இருந்தும், பெண்ணின் அம்மா ஒரு படத்திலாவது நிம்மதியாகச் சிரித்தபடி இல்லையே, ஊரிலிருந்து அவ்வளவு தூரம் வந்த மாமா எதிலுமே இல்லையே என்ற குறையைக் கல்யாணம் முடிந்த வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். கேமராவுக்கு இதில் பொறுப்பு எதுவும் இல்லை. அதைப் பிடித்திருந்தவர் யாரைப் பார்த்தார் என்பதே கேள்வி. உங்கள் வீட்டு மனிதர்களைப் பார்க்கத் தெரிந்தவரே உங்களுக்கு ஏற்ற போட்டோகிராபர். நான் இங்கே சொல்லப்போகிற எல்லாமே அவரைக் கண்டுபிடிக்கும் வழிகள்தான்.

முதல் வழி, ஒரு முழுக் கல்யாணத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது. ஸ்டூடியோவில் நமக்குக் காட்டப்படும் ஆல்பம் ஐம்பது கல்யாணங்களிலிருந்து பொறுக்கி எடுத்த ஐம்பது படங்களாக இருக்கலாம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. "சமீபத்தில் எடுத்த ஒரே ஒரு கல்யாணத்தை, ரிசப்ஷனிலிருந்து மறுநாள் பந்தி வரை மொத்தமாகப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அந்த வீட்டாரின் சம்மதத்தோடு காட்டுவார்கள். நம்முடையதைப் போன்ற மண்டபமாக இருந்தால் இன்னும் நல்லது. கடற்கரை ரிசார்ட்டில் மாலை வெயிலில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, ட்யூப்லைட் எரியும் தாழ்ந்த கூரை மண்டபத்துக்கு அவரை அழைத்துவந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

அந்த முழுக் கல்யாணத்தில் எதைப் பார்ப்பது? தாலி கட்டும் இடத்தைப் பாருங்கள். கெட்டி மேளம் முழங்கத் தொடங்கியதும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிடுவார்கள். நாலா பக்கமிருந்தும் அட்சதை விழும். ஹோமப் புகை கண்ணைக் கரிக்கும். அந்தப் புகையில் ஃபிளாஷ் பட்டால் படமே வெளுத்துப்போகும். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, அடுத்த இரண்டை நாத்தனார் போடுவது பல குடும்பங்களில் வழக்கம். சில வீடுகளில் பெண் தன் அப்பாவின் மடியில் அமர்ந்திருக்கும்போதே தாலி ஏறும். எல்லாம் சேர்த்து அரை நிமிடம் இருந்தால் அதிகம். அனுபவம் உள்ளவர் அதற்குக் கால் மணி நேரம் முன்பே சாஸ்திரிகளிடம் "எந்தப் பக்கம் நிற்பீங்க, மாப்பிள்ளை எழுந்து கட்டுவாரா, உட்கார்ந்தபடியா?" என்று கேட்டு வைத்திருப்பார். தனக்கொரு இடம் பிடித்து உட்கார்ந்தும்விடுவார். அவருடைய படத்தில் முடிச்சுப் போடும் விரல்கள் தெரியும், குனிந்திருக்கும் பெண்ணின் முகம் தெரியும், பின்னால் கண்ணைத் துடைக்கும் அம்மாவும் தெரிவார். அனுபவம் இல்லாதவரின் படத்தில் யாரோ ஒருவருடைய தோளும் தூக்கிய செல்போனும்தான் தெரியும். சிலர் தாலி கட்டியபின் "இன்னொரு தடவை கையை வைங்க சார்" என்று கேட்டுப் போஸ் எடுப்பார்கள். அப்படி எடுத்தது எது, அந்த நேரத்திலேயே எடுத்தது எது என்று பார்த்த மாத்திரத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அதோடு, படம் எடுப்பவர்கள் எங்கே நின்றார்கள் என்றும் விசாரியுங்கள். இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்த உறவினர்கள் தாலி கட்டும் நேரத்தில் வரிசையாக நிற்கும் முதுகுகளை மட்டும் பார்த்துவிட்டு, எல்.இ.டி. திரையில் கல்யாணம் பார்த்துப் போகிற நிலை பல மண்டபங்களில் இருக்கிறது. வந்தவர்களின் ஆசீர்வாதத்தை மறைத்துக்கொண்டு எடுக்கும் படம், எவ்வளவு அழகாக இருந்தாலும், நமக்கு வேண்டாம்.

உங்கள் வழக்கத்தை அறிந்தவரா என்பதும் முக்கியம். ஊஞ்சல், காசி யாத்திரை, நலங்கு என்று நீளும் கல்யாணத்தில் அடுத்து என்ன வரும் என்று தெரியாதவர் ஒவ்வொன்றுக்கும் பின்தங்கியே ஓடுவார். நிக்காஹ் என்றால் மணமக்கள் தனித்தனி இடத்தில் இருப்பது உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் ஆள் வேண்டும், பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபர் வேண்டும். சர்ச் கல்யாணத்தில் பலிபீடத்துக்கு எவ்வளவு அருகில் போகலாம், ஃபிளாஷ் போடலாமா என்று பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். சுயமரியாதைத் திருமணத்தில் தலைமை தாங்குபவரின் பேச்சும் மாலை மாற்றுவதும்தான் உயிர்நாடி. எந்தக் கல்யாணமாக இருந்தாலும், மணமகள் அறையில் படம் எடுக்கப் பெண் ஒருவர் வருவாரா என்று கேட்டுவிடுங்கள். பெண்ணுக்குக் கூச்சமில்லாமல் இருந்தால்தான் அந்த முகத்தில் சிரிப்பு வரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். படங்களில் இருப்பவர்களின் நிறத்தைப் பாருங்கள். மாநிறப் பெண்ணைச் சிவப்பாக்கி, கருத்த மாப்பிள்ளையை வெளுப்பாக்கி, அறுபது வயது அம்மாவின் நெற்றிக் கோடுகளை எல்லாம் வழித்தெடுத்துவிட்டு "ரீடச்" என்று சொல்கிறார்கள். கேட்காமலேயே செய்கிறார்கள், கேட்டு வாங்குகிற வீடுகளும் உண்டு. அந்தப் பெண் தன் கல்யாண நாளில் தன் நிறத்தோடு அழகாகத்தான் இருந்தாள். அதை மாற்றுவது, நீ இருந்தபடி இருந்தது போதவில்லை என்று அவளிடம் சொல்வதற்குச் சமம். "எங்கள் வீட்டில் யாருடைய கலரையும் மாற்றக் கூடாது" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். ஒரு சுலபமான சோதனையும் இருக்கிறது: அவர் காட்டும் படங்களில் புதுத் தாலிக்கயிறு மஞ்சளாகவே தெரிகிறதா, அரக்குப் பட்டு அரக்காகவே இருக்கிறதா என்று பாருங்கள். மண்டபத்தின் ஊதா விளக்கிலும் அதைச் சரியாகக் கொண்டுவந்திருக்கிறார் என்றால், அவர் கைக்கு முகங்களின் நிறமும் தப்பாது.

கேண்டிடா, ட்ரெடிஷனலா என்ற கேள்வியில் பல வீடுகளில் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மனஸ்தாபமே வந்துவிடுகிறது. இரண்டும் வேண்டும். போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுப்பது கேண்டிட். அதில்தான் சிரிப்பும் அழுகையும் உயிரோடு கிடைக்கும். மேடையில் சம்பந்திகளை நிற்க வைத்து, தாய்மாமன் வரிசை, ஒன்றுவிட்ட சித்தப்பா குடும்பம் என்று ஒன்று விடாமல் எடுப்பவர் ட்ரெடிஷனல் போட்டோகிராபர். பத்து வருடம் கழித்து "இது யாரு?" என்று கேட்கும் குழந்தைக்குக் குடும்பத்தைக் காட்டுவது அவர் எடுத்த படம். கேண்டிட் கண்ணுக்குப் புதுமையாக இருக்கிறது என்பதற்காக மற்றவரை விட்டுவிடாதீர்கள்.

அடுத்த கேள்வி: வரப்போவது யார்? நல்ல முகூர்த்த நாளில் ஒரே ஸ்டூடியோ இரண்டு மூன்று கல்யாணங்களை ஒப்புக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. நாம் பேசியது ஒருவரிடம், பார்த்த படங்கள் அவர் எடுத்தவை, கல்யாணத்தன்று வந்து நிற்பது அன்றைக்கு அழைக்கப்பட்ட வேறொருவர் என்று ஆகிவிடும். "எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வருவீர்களா? இல்லையென்றால் வருபவரின் படங்களைக் காட்டுங்கள்" என்று கேட்பதில் தவறே இல்லை. முந்தின நாள் ரிசப்ஷன் முடியப் பதினோரு மணி ஆகும். முகூர்த்தம் விடியற்காலை நாலரைக்கு இருக்கும். இரண்டுக்கும் அதே ஆள் என்றால் அவர் தூங்குவது எப்போது? எங்கே? இதையும் யோசித்து வையுங்கள்.

கருவிகளைப் பற்றி நமக்கு அதிகம் தெரிய வேண்டியதில்லை. கேமராவில் இரண்டு மெமரி கார்டு போட்டு, ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிகிறதா? ஒரு கேமரா மக்கர் செய்தால் இன்னொன்று கையில் இருக்கிறதா? அன்று இரவே வேறொரு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுப்பாரா? இந்த மூன்றையும் கேட்டால் போதும். தயங்காமல் பதில் சொல்கிறவர் தொழிலில் கவனம் உள்ளவர். ட்ரோன், கிரேன் எல்லாம் பேக்கேஜில் சேர்ந்து வந்தால் வேண்டுமா என்று யோசியுங்கள். 2021-இல் வந்த ட்ரோன் விதிகள் வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மண்டலங்களாகப் பிரித்திருக்கின்றன. விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் அனுமதி வாங்காமல் பறக்கவிட முடியாது. மந்திரம் சொல்லும் நேரத்தில் மண்டபத்துக்குள் அது போடும் சத்தமும் காற்றும் வேறு. அந்தப் பணத்துக்குக் கைதேர்ந்த ஒருவரைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

பேசியதை எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தவர் என்றால் இன்னும் அவசியம் எழுத வேண்டும். பின்னால் உறவு கெடாமல் இருக்கும். யார் வருவார்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, 12-க்கு 36 ஆல்பத்தில் எத்தனை பக்கம், கூடுதல் பக்கத்துக்கு எவ்வளவு, வீடியோ எத்தனை நாளில், எல்லாப் படங்களும் நம் கைக்கு வருமா, 18 சதவீத ஜி.எஸ்.டி. சொன்ன தொகையில் சேர்த்தியா, நாள் தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். பணத்தை முன்பணம், கல்யாணத்தன்று ஒரு பகுதி, ஆல்பம் கைக்கு வரும்போது மீதி என்று பிரித்துக்கொள்வது இரு தரப்புக்கும் நியாயம். கல்யாணம் முடிந்த ஒரு வாரத்துக்குள் பத்துப் படங்களாவது வேண்டும் என்றும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்கோ விசாவுக்கோ கல்யாணப் படம் தேவைப்பட்டால் ஆல்பம் வரும்வரை காத்திருக்க முடியாது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: நம் கல்யாணப் படங்களின் உரிமை யாருக்கு? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் செய்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே, நீங்கள் கையெழுத்துப் போடும் தாளில் உரிமை ஸ்டூடியோவுக்கு என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். உங்கள் பெண்ணின் படம் அவர்களுடைய விளம்பரத்தில் வரலாமா, கூடாதா என்பதைப் பெண்ணைக் கேட்டு நீங்களே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு வேலையை முடித்துத் தராமல் இழுத்தடித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

இவ்வளவும் அவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை. நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. வந்திருப்பவர்களில் யார் பெரியப்பா, யார் பக்கத்து வீட்டுக்காரர் என்று போட்டோகிராபருக்கு எப்படித் தெரியும்? உறவுகளை நன்கு அறிந்த ஒருவரை, அத்தை மகனோ சித்தி மகளோ, அவர்களோடு கூடவே இருக்கச் சொல்லுங்கள். யார் யாரோடு படம் கட்டாயம் வேண்டும் என்று முந்தின நாளே எழுதிக் கொடுங்கள். நடக்க முடியாத பாட்டியை மேடைக்கு அழைக்காமல், அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே மணமக்கள் போய் எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள். தாலி கட்டும் நேரத்தில் செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் பாய வேண்டாம் என்று உறவினர்களிடம் அன்பாகச் சொல்லிவையுங்கள். ஆல்பத்துக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலையை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு, ஆல்பம் தாமதம் என்று அவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

முக்கியமாக, அவர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு போடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வந்து மதியம் வரை கால் மாற்றிக் கால் நின்றவர்கள், கடைசிப் பந்தியில் மிஞ்சியதைச் சாப்பிட்டுப் போவதைப் பல கல்யாணங்களில் பார்க்கிறோம். லைட் பிடிக்கும் பையனும் நம் வீட்டு விருந்தாளிதான். "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டு உட்கார வைக்க வீட்டில் ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும்.

வசதி குறைவாக இருக்கிறதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பேர் கொண்ட சின்னக் குழுவே ஒரு கல்யாணத்தை நிறைவாக எடுக்க முடியும். உங்கள் ஊரில் இருபது வருடமாக ஸ்டூடியோ வைத்திருப்பவர், காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் வந்து உங்கள் குடும்பத்தை அறிந்தவராக இருந்தால், அவரும் நல்ல தேர்வுதான். அவர் எடுத்த ஒரு முழுக் கல்யாணத்தைப் பாருங்கள், பிடித்தால் அவரிடமே கொடுங்கள். மாமல்லபுரத்திலும் காரைக்குடி வீடுகளிலும் போய் எடுக்கும் ப்ரீ-வெட்டிங் ஷூட் பிள்ளைகளுக்கு ஆசையாக இருந்தால் செய்யட்டும். ஆனால் எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காகக் கடன் வாங்கிச் செய்ய வேண்டாம்.

படங்கள் கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. தொண்ணூறுகளில் எடுத்த கல்யாண வீடியோ கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. அடுத்து வந்த டி.வி.டி.யைப் போட்டுப் பார்க்க இன்றைய லேப்டாப்பில் இடமே இல்லை. ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் நின்றுபோகும். கறுப்பு அட்டையில் ஒட்டி இடையில் பட்டர் பேப்பர் வைத்த தாத்தா பாட்டி காலத்து ஆல்பத்தை மட்டும் இன்றும் எடுத்துப் பார்க்க முடிகிறது. ஆகவே நூறு படங்களையாவது காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். மொத்தப் படங்களின் நகல் ஒன்று உங்களிடமும் இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணனிடமோ தங்கையிடமோ இருக்கட்டும். ஒவ்வொரு படத்திலும் இருப்பவர்களின் பெயரையும் உறவையும், நினைவிருக்கும்போதே, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

உங்கள் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தால், இந்த வாரமே இரண்டு மூன்று போட்டோகிராபர்களை நேரில் பாருங்கள். ஆளுக்கொரு முழுக் கல்யாணத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து நிதானமாகப் பாருங்கள். மணமக்களைத் தாண்டி அம்மாக்களையும் தாத்தாக்களையும் பந்தியில் பரிமாறுகிறவர்களையும் பார்த்த கண் யாருடையது என்று தெரிந்தபின் அட்வான்ஸ் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்